தரை தொடும் வேளை: விமானச் சக்கரங்களும் விபத்துகளும்

ஆகாய விமானத்தில் ஏறுகிறவர்களிற் பெரும்பாலோர் உள்ளூர அஞ்சுவது, அது முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் யாதோர் ஆதாரமுமின்றிப் பறந்துகொண்டிருக்கும் நேரத்தைத்தான். தரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் அவர்களுக்குத் தைரியம் பிறந்துவிடுகிறது; இனி என்ன ஆகிவிடப் போகிறது என்ற நிம்மதியோடு பையைத் தேடவும் செருப்பை மாட்டவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் விபத்துகளின் கணக்கை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டு வரும் போயிங் கம்பெனியாரின் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் அச்சம் கொள்ள வேண்டிய நேரம் முற்றிலும் வேறு என்பது விளங்கும். உயிர்ச்சேதம் விளைந்த விபத்துகளில் ஏறக்குறையப் பாதி, விமானம் ஓடுபாதையை நோக்கி இறுதியாகத் தாழத் தொடங்கியதற்கும் தரையில் ஓடி நிற்பதற்கும் இடைப்பட்ட சில நிமிஷங்களிலே, அதாவது மொத்தப் பிரயாண நேரத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு என்று சொல்லத்தக்க சிறு காலத்திலே நிகழ்ந்தவையாகும்.

அந்தச் சில நிமிஷங்களில் விமானத்துக்குத் துணை நிற்பவை அதன் சக்கரங்கள். ஆகையால் இறங்கும்போது விபத்து என்றதும் ஜனங்களின் மனம் சக்கரத்தின் மீது செல்வது இயல்பே. சக்கரம் வரவில்லை, சக்கரம் முறிந்தது, டயர் வெடித்தது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. அவ்வாறு சக்கரத்தின் தலையில் சுமத்தப்படுகிற பழியில் உண்மையிலேயே அதற்கு உரியது எவ்வளவு, மனிதனின் கவனத்துக்கும், அவன் கட்டிவைத்த தரைக்கும் உரியது எவ்வளவு என்பதை நிகழ்ந்த சம்பவங்களைக் கொண்டே சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

முதன்முதலாகப் பறந்த விமானத்துக்குச் சக்கரமே இல்லை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். 1903-ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட யந்திரம் ஒரு தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு புறப்பட்டு, மரச் சறுக்குக் கட்டைகளின் மீது மணலில் இறங்கியது. 1906-இல் பாரிஸ் நகரில் சாந்தோஸ்-துமோன் பறந்தபோது அவருடைய விமானத்தில் சக்கரங்கள் வந்துவிட்டன. அதற்குப் பின் நெடுங்காலம் சக்கரங்கள் கால்களைப் போல் கீழே தொங்கிக்கொண்டே பறந்தன. வேகம் ஏற ஏற, அவை காற்றை எதிர்த்து விமானத்தைப் பின்னுக்கு இழுப்பது பொறுக்கமுடியாததாயிற்று. ஆகவே புறப்பட்டவுடன் அவற்றை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்வதும், இறங்குமுன் மீண்டும் நீட்டுவதுமான ஏற்பாடு 1920-இலேயே ஒரு பந்தய விமானத்தில் பரீக்ஷிக்கப்பட்டு, 1930-களில் எங்கும் பரவியது. சக்கரத்தை உள்ளே இழுக்கலாம் என்று ஆன அன்றே, அதை வெளியே விட மறக்கலாம் என்பதும் ஆகிவிட்டது. நம் நாட்டில் டக்கோட்டா என்ற பெயரால் பழைய தலைமுறையினர் அறிந்திருந்த டி.சி.-3 விமானத்தை வகுத்தவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்திருந்தார்கள் போலும்: அதன் சக்கரங்கள் மடங்கிய பிறகும் பாதியளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விமானி மறந்துபோய் வயிற்றால் இறங்கினாலும் அந்தப் பாதிச் சக்கரம் தரையில் உருண்டு, உடற்பகுதிக்கு நேரும் சேதத்தைக் குறைத்துவிடும். பிற்காலத்து அதிவேக விமானங்களில் இந்தச் சலுகைக்கு இடமில்லாமற் போயிற்று.

இக்காலத்து ஜெட் விமானம் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே சென்றுகொண்டிருக்கிறது. அதே சமயத்தில் கீழ்நோக்கியும் அது விழுந்துகொண்டிருக்கிறது. அநுபவமுள்ள விமானி மெதுவாக இறக்கும்போது இந்த வீழ்ச்சி விநாடிக்கு இரண்டு மூன்று அடிதான். ஆயினும் விநாடிக்கு 10 அடி வேகத்தில் மோதினாலும் சக்கரமும் அதன் காலும் தாங்கவேண்டும் என்பது சர்க்கார் விதி. இந்த மோதலை வாங்கிக்கொள்வதற்காக ஒவ்வொரு காலினுள்ளும் எண்ணெயும் அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயுவும் அடைத்த உருளை ஒன்று இருக்கிறது. காலின் கீழ்ப்பாகம் உள்ளே அமிழும்போது வாயு நெருக்குண்டு வில்லாகிறது, எண்ணெய் குறுகிய துவாரத்தின் வழியே பிதுங்கி அதிர்ச்சியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. பெரிய போயிங் 747-க்குச் சக்கரங்கள் 18. ஏர்பஸ் 380-க்கு 22. நம் உள்நாட்டுப் போக்குவரத்தில் மிகுதியாக ஓடும் 737-க்கும் ஏர்பஸ் 320-க்கும் ஆறே ஆறு. மோட்டார் காரின் டயரில் இருப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு அழுத்தத்தில் அவற்றுக்குக் காற்று, இல்லை, நைட்ரஜன் ஏற்றப்படுகிறது. ஏன் நைட்ரஜன் என்பதற்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. அதைப் பின்னர்க் காண்போம். பிரேக்குகள் அளவு மீறிச் சூடேறினால் டயர் வெடித்துவிடாமல், சக்கரத்தில் பதித்த சிறு உலோக அடைப்புகள் உருகி வாயுவைச் சாந்தமாக வெளியேற்றிவிடுவதற்கும் வழி செய்திருக்கிறார்கள்.

சக்கரங்களைக் கீழே விடுவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம். அது தவறினால், பூட்டை மட்டும் விடுவித்துவிட்டுத் தம் சொந்த எடையாலேயே அவை விழுந்து பூட்டிக்கொள்ளும்படியான மாற்று ஏற்பாடு உண்டு. பூட்டிக்கொண்டன என்பதற்கு அடையாளமாக விமானியின் முன் மூன்று பச்சை விளக்குகள் எரியும். மூக்கின் கீழ் ஒன்றுக்கும், இறக்கையடியில் இரண்டுக்குமாக மூன்று. சக்கரம் இறங்காமல் தரையை நெருங்கினால் சங்கு ஒலிக்கும், குரலும் எச்சரிக்கும். இத்தனைக்கும் மேலாக இந்தக் கால்களைச் செய்கிற எஃகு சாமான்யமானதன்று, அபாரமான உறுதியுடையது. ஆனால் அத்தகைய உயர்ந்த எஃகுக்கு ஒரு பலவீனம் உண்டு: துரு அதற்குப் பரம சத்துரு. மேற்பூச்சில் நகக்கீறல் போன்ற ஒரு பழுது ஏற்பட்டு அதன் வழியே ஈரம் புகுந்தால், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே உள்ளே விரிசல் ஓடி, ஒருநாள் ஆயிரம் முறை தாங்கிய பாரத்தைத் தாங்காமல் முறிந்துவிடும். ஆகவேதான் ஏறக்குறையப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கால்களை முழுவதும் கழற்றி, பூச்சை உரித்து, ஒவ்வோர் ஆணியாகச் சோதித்து மீண்டும் பூட்டுகிறார்கள்.

இவ்வளவையும் மீறிச் சக்கரம் தவறும்போது என்ன நேர்கிறது? இதற்கு வரலாறு தரும் விடை ஆச்சரியமானது: பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை.

2011-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி, அமெரிக்காவின் நியூவார்க் நகரிலிருந்து போலந்தின் தலைநகரான வார்சாவுக்கு வந்த லாட் கம்பெனியின் போயிங் 767-இல் 231 பேர் இருந்தார்கள். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிவிட்டது. அது பெரிய விஷயமன்று, மாற்று வழியில் சக்கரத்தை இறக்கிக்கொள்ளலாம் என்ற நிதானத்தோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்தார்கள். வார்சாவை அடைந்ததும் மாற்று வழியும் பலிக்கவில்லை. போலந்து விமானப்படையின் போர் விமானங்கள் அருகே பறந்து வயிற்றுப்புறத்தைப் பார்த்து, ஒரு சக்கரமும் வெளிவரவில்லை என்று உறுதி செய்தன. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட்ட பின்பு, தலைமை விமானி ததேயுஷ் வ்ரோனா அத்தனை பெரிய யந்திரத்தை வயிற்றின் மீது, ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே இறக்கி நிறுத்தினார். எஞ்சின்களின் அடியில் பொறி பறந்தது, ஒருவருக்கும் காயமில்லை. பிறகு விசாரித்தபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. மாற்று ஏற்பாட்டுக்கு மின்சாரம் தரும் ஒரு சிறு சர்க்யூட் பிரேக்கர், துணை விமானியின் ஆசனத்துக்குப் பக்கத்தில், கால் பட்டால் தட்டுப்படக்கூடிய தாழ்வான இடத்தில் இருந்தது. அது வெளியே துள்ளிக்கிடந்தது. விமானத்தைத் தூக்கி நிறுத்தி அந்தப் பொத்தானை உள்ளே அழுத்தியதும் சக்கரங்கள் சமர்த்தாக இறங்கிவிட்டன!

2005 செப்டம்பர் 21-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் நிகழ்ந்ததும் இத்தகையதே. ஜெட்புளூ கம்பெனியின் ஏர்பஸ் 320 ஒன்றின் மூக்குச் சக்கரம், புறப்பட்டபின் குறுக்காகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. அந்த ரக விமானத்தில் எரிபொருளை ஆகாயத்திலேயே கொட்டுவதற்கு வழியில்லையாதலால், மூன்று மணி நேரம் வட்டமிட்டு அதைத் தீர்த்துக்கொண்டு, பின்புறச் சக்கரங்களின் மேல் இறங்கி, மூக்கை இயன்றவரை தூக்கிப் பிடித்து, கடைசியில் மெல்லத் தாழ்த்தினார்கள். டயர் கிழிந்து, உலோகம் தேய்ந்து, தீப்பொறி வாலாக நீண்டது. 146 பேரும் சுகமாக இறங்கி நடந்தார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், ஆசனத்துக்கு ஆசனம் டெலிவிஷன் இருந்தபடியால், தங்கள் விமானம் என்ன ஆகப்போகிறதென்று உலகம் பேசுவதை அந்த உலகத்தோடு கூடவே பிரயாணிகளும் பார்த்துக்கொண்டு வந்ததுதான்.

நமக்கு அண்மையில் திருச்சிராப்பள்ளியில் 2024 அக்டோபர் 11 அன்று நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு தெரியவந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே தமிழகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வட்டமிடுவதையே ஆபத்தின் உச்சமாகச் சித்திரித்த செய்தி வாசகங்கள் ஜனங்களை வீணாகக் கலங்கச் செய்தன என்பது என் அபிப்பிராயம். ஆசனப் பட்டியை மாட்டிக்கொண்டு எரிபொருள் குறையும்வரை பொறுத்திருப்பதுதான் அந்த நிலையில் செய்யத்தக்க மிக விவேகமான காரியம். பாரம் குறைந்தால் வேகம் குறையும், பிரேக்குக்கு வேலை குறையும், தீப்பிடிக்கப் பொருளும் குறையும். விமானம் ஒழுங்காகச் சக்கரத்தின் மீது இறங்கியது.

சக்கரத்தின் தவறே நன்மையாக முடிந்த கதையும் ஒன்று உண்டு. 1983 ஜூலையில் கனடா தேசத்தில் எரிபொருள் அளவையில் நேர்ந்த பிழையால் நடுவானில் எஞ்சின்கள் அணைந்துபோன ஒரு 767, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் சறுக்கி இறங்கியது. அந்தத் தளம் அப்போது மோட்டார் பந்தயத் திடலாக மாறி, அன்று அங்கே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடியிருந்தார்கள். எடையால் மட்டுமே விழவேண்டியிருந்த மூக்குச் சக்கரம் சரியாகப் பூட்டிக்கொள்ளாமல் மடங்கிவிட, விமானத்தின் மூக்கு தரையில் உராய்ந்தது. அந்த உராய்வே அதைக் கூட்டத்தை நெருங்குமுன் நிறுத்த உதவியது.

ஆக, சக்கரம் இல்லாமல் இறங்குவது என்பது, விமானியின் கட்டுப்பாட்டில் விமானம் இருந்து, முன்னே தடையற்ற சமதளமும், தீயணைப்புப் படையும் இருக்குமாயின், உயிருக்கு உலை வைப்பதன்று. தொல்லை உண்டு, பொருள் நஷ்டமும் மிகுதி. 2007 செப்டம்பரில் ஸ்கான்டிநேவிய விமானக் கம்பெனியின் கியூ-400 என்ற சிறிய விமானங்கள் இரண்டு, மூன்றே நாள் இடைவெளியில் டென்மார்க்கின் ஆல்போர்க்கிலும் லிதுவேனியாவின் வில்னியுஸிலும் வலப்புறச் சக்கரம் மடங்கிச் சாய்ந்தன. ஆல்போர்க்கில் சுழலும் விசிறியின் துண்டொன்று சுவரைப் பொத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. விசிறிக்கு நேரே இருந்தவர்களை முன்கூட்டியே வேறு ஆசனங்களுக்கு மாற்றியிருந்ததால் உயிர்கள் தப்பின. அக்டோபரில் கோபன்ஹேகனில் மூன்றாவது விமானமும் அவ்வாறே சாய, கம்பெனியார் சலித்துப்போய் அந்த ரகம் முழுவதையும் தம் சேவையிலிருந்தே நீக்கிவிட்டனர். மூன்று சம்பவங்களிலும் ஒருவரும் இறக்கவில்லை. முதலிரண்டுக்கும் காரணம், சக்கரத்தை இயக்கும் உருளையின் தண்டு நுனியில், திருகுப் புரிகளுக்குள்ளே ஏறியிருந்த துரு. மூன்றாவதில், இடம் தவறிச் சென்ற ஒரு ரப்பர் வளையம் எண்ணெய்த் துவாரத்தை அடைத்துவிட்டது.

திருகுப் புரியில் துரு என்ற அந்தச் சிறு விவரத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில், அதே பழுது, அதே உறுப்பில், இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு விமானத்தில் நேர்ந்தது. அப்போது பத்துப் பேர் மாண்டார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது துருவன்று.

1978 டிசம்பர் 28 மாலை, 189 பேரோடு அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நெருங்கிய யுனைடெட் கம்பெனியின் டி.சி.-8 சக்கரத்தை இறக்கியபோது, வழக்கத்துக்கு மாறாகத் தடாலென்று ஓர் ஓசையும் அதிர்ச்சியும் உண்டாயின. தண்டின் நுனி துருவினால் அற்றுப்போய், வலப்புறச் சக்கரம் கட்டுப்பாடின்றித் தானே விழுந்திருந்தது. விளக்கு எரியவில்லை. தலைமை விமானி மிகுந்த அநுபவசாலி, பிரயாணிகளிடம் பரிவுள்ளவர். இறங்குமுன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடவேண்டும் என்று அவர் விரும்பினார். ஊருக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டே சக்கரத்தைப் பற்றி ஆலோசித்தார். பணிப்பெண்கள் பிரயாணிகளைத் தயார் செய்யட்டும் என்று காத்தார். இறக்கையின் மேல் தெரியும் அடையாளக் குச்சியைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். இப்படியே ஒரு மணி நேரம் சென்றது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத் துணை விமானியும் எஞ்சினியரும் அறிந்திருந்தார்கள். அதை ஜாடையாகவும் சொன்னார்கள். ‘இறங்கியே ஆகவேண்டும்’ என்று அழுத்திச் சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஓடுபாதைக்குச் சில மைல் தூரத்தில், வீடுகளும் மரங்களும் நிறைந்த புறநகரில் விமானம் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை, பிடிப்பதற்கு எரிபொருளே இல்லையே! அந்தக் காரணத்தாலேயே மற்றவர்கள் பிழைத்தார்கள் என்பது விதியின் விபரீதம். வார்சாவில் 231 பேர் சக்கரமே இல்லாமல் தப்பியதற்கும், போர்ட்லண்டில் சக்கரம் கீழே இருந்தும் பத்துப் பேர் இறந்ததற்கும் உள்ள வேற்றுமை யந்திரத்தில் இல்லை.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1972 டிசம்பர் 29 இரவில், இதனினும் கொடிய பாடம் ஒன்று மயாமி நகருக்கு அருகே கிடைத்திருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் கம்பெனியின் புத்தம் புதிய டிரைஸ்டார் விமானத்தில் மூன்று பச்சை விளக்குகளில் மூக்குச் சக்கரத்துக்குரியது எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, மூவரும் அந்த விளக்கை ஆராய முற்பட்டார்கள். ஒருவர் மூடியைக் கழற்றினார்; அது திரும்ப மாட்டிக்கொள்ள மறுத்தது. எஞ்சினியர் தரைக்கடியிலுள்ள அறைக்குள் இறங்கி, இருட்டில் சக்கரத்தைக் கண்ணால் பார்க்க முயன்றார். கூட வந்த கம்பெனி நிபுணர் ஒருவரும் அவருக்குத் துணையாகப் போனார். இந்தச் சந்தடியில் யாரோ சுக்கானை லேசாக அழுத்திவிட, தானியங்கி உயரத்தைக் காக்கும் வேலையை விட்டுவிட்டது. விமானம் யாருக்கும் தெரியாமல் மெல்லத் தாழ்ந்தது. 1,750 அடியில் ஒரு மணி ஒலித்தது. அது ஒலித்த ஆசனத்தில் அப்போது ஆளில்லை. கீழே ஊரில்லை, விளக்கில்லை. எவர்கிளேட்ஸ் என்னும் சதுப்பு நிலத்தின் கன்னங்கரிய இருள். 101 பேர் இறந்தார்கள். மூக்குச் சக்கரம் பழுதில்லாமல் இறங்கிப் பூட்டியே இருந்தது. எரிந்துபோனவை விளக்கினுள் இருந்த இரண்டு சின்னஞ்சிறு பல்புகளே.

இவ்விரு விபத்துகளையும் ஒருசேரப் பார்த்த பின்புதான் விமான உலகம் ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொண்டது. அதுவரை விமானியின் திறமை என்றால் கையின் திறமை என்றே கருதி வந்தார்கள். ஓர் ஆபத்து நேர்ந்தபோது யார் விமானத்தை ஓட்டுவது, யார் பழுதைக் கவனிப்பது என்று வேலையைப் பகிர்ந்துகொள்வதும், தலைவர் தவறும்போது இளையவர் தயங்காமல் எடுத்துச் சொல்வதும், சொன்னால் தலைவர் செவிசாய்ப்பதும் பயிற்சியால் கற்பிக்கத்தக்க வித்தைகள் என்பதை 1979-இல் அமெரிக்க நாசா நிறுவனம் கூட்டிய ஆலோசனைக் கூட்டத்தில் விவாதித்தார்கள். 1981-இல் யுனைடெட் கம்பெனியே இதற்கான பயிற்சியை முறையாகத் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஒவ்வொரு விமானியும் இதைப் பயின்றே ஆகவேண்டும். பயின்றும் என்ன என்று கேட்கத் தோன்றும்படியான சம்பவங்களும் இருக்கத்தான் செய்கின்றன.

2020 மே 22 அன்று கராச்சியில், பாகிஸ்தான் சர்வதேச விமானக் கம்பெனியின் ஏர்பஸ் 320 மிகுந்த உயரத்திலும் வேகத்திலும் ஓடுபாதையை நெருங்கியது. முன்பே இறக்கப்பட்டிருந்த சக்கரங்கள் தரையை அணுகும் தறுவாயில் மீண்டும் மேலே இழுக்கப்பட்டன. அதை விமானிகள் இருவரும் உணரவில்லை. எச்சரிக்கைகள் ஓயாமல் கூவின. கட்டுப்பாட்டு நிலையத்தார் உயரம் அதிகம் என்று எச்சரித்தும் பயனில்லை. கொரோனா நோயைப் பற்றிய பேச்சு வழிநெடுக அவர்கள் கவனத்தைக் கவர்ந்திருந்தது என்று விசாரணை அறிக்கை கூறிற்று. எஞ்சின்கள் ஓடுபாதையில் தேய்ந்து பொறி பறக்கவே, திடுக்கிட்டு மறுபடியும் மேலேற்றினார்கள். தேய்ந்த எஞ்சின்கள் சில நிமிஷங்களில் நின்றுபோயின. குடியிருப்பின் மீது விமானம் விழ, அதிலிருந்த 99 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தனர். தரையிலும் ஓர் உயிர் போயிற்று. அப்படியே வயிற்றில் சறுக்கி நின்றிருந்தால் வார்சாவின் முடிவு இங்கும் கிட்டியிருக்கக்கூடும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து 2016 ஆகஸ்ட் 3 அன்று துபாய்க்குச் சென்ற எமிரேட்ஸ் 777-இன் கதை இதன் மறுபக்கம். சக்கரம் தரையைத் தொட்ட பின்பு, அதிக தூரம் தள்ளித் தொட்டதாகக் கருவி எச்சரிக்க, விமானிகள் மீண்டும் எழும்ப நினைத்தார்கள். எழும்புவதற்கான பொத்தானை அழுத்தினால் எஞ்சின்கள் தாமே வேகம் பிடிக்கும் என்பது பழக்கம். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது என்பது யந்திரத்தின் ஏற்பாடு. பழக்கம் வென்றது. வேகம் பிடிக்காத எஞ்சின்களோடு சற்றே எழும்பிய விமானம், சக்கரங்களை மடக்கிக்கொண்டே ஓடுபாதையில் அமர்ந்தது. அதிலிருந்த 300 பேரும் வெளியேறிவிட்டனர். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் வெடிப்பில் உயிர் நீத்தார்.

சக்கரத்தின் மீதே பழி சுமத்தத்தக்க விபத்துகளும் இல்லாமலில்லை. அவற்றுள் கொடியவை புறப்படும்போதே வித்திடப்பட்டவை. 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகோ நகரிலிருந்து கிளம்பிய ஒரு 727-இன் பிரேக் விடாமல் உரசிச் சக்கரத்தைக் காய்ச்சியது. டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாக வெறுங்காற்று அடைத்திருந்தார்கள். காற்றிலுள்ள பிராணவாயு சூட்டில் ரப்பரோடு கலந்து, டயர் வெடிகுண்டாயிற்று. எரிபொருள் குழாய்களும் ஹைட்ராலிக் குழாய்களும் அறுந்தன. 167 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசாங்கம் நைட்ரஜனைக் கட்டாயமாக்கியது.

1991 ஜூலை 11 அன்று ஜித்தாவில் நிகழ்ந்தது இன்னும் நெஞ்சை உருக்குவது. ஹஜ் யாத்திரை முடித்த நைஜீரியப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வாடகை டி.சி.-8 விமானத்தின் டயர்களில் அழுத்தம் குறைந்திருந்ததை மெக்கானிக்குகள் கவனித்திருந்தார்கள். நேரமாகிறது என்ற அவசரத்தில் அதைச் சரிசெய்ய இடம் தரப்படவில்லை. ஓடுபாதையிலேயே டயர் நசிந்து எரியத் தொடங்கியது. அந்தத் தீயோடு சக்கரம் மடங்கி வயிற்றுக்குள் போயிற்று. எரிவது எது என்று விமானிகளுக்குத் தெரியாது. அவர்கள் முன் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் தோன்றிக்கொண்டிருந்தன. திரும்பி இறங்க முயன்று, ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் சிதைந்து விழுந்தது. 261 பேர் இறந்தனர். துருப்பிடித்த தண்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இவற்றையெல்லாம் மன்னிக்கலாம். டயரில் அழுத்தம் குறைந்திருப்பது அளவுமானியை வைத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிகிற சங்கதி. விமான விபத்துகளில் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுபோல் வேறொன்றில்லை.

இனி, மோதலின் வேகத்தால் கால் முறிகிற விபத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1992 டிசம்பர் 21 அன்று போர்ச்சுகலின் பாரோ நகரில் இடிமழைக் காற்றில் ஒரு டி.சி.-10 வேகமாக விழுந்து வலக்கால் முறிந்து, இறக்கை கிழிந்து தீப்பற்றியதில் 56 பேர் மாண்டார்கள். தாங்கமுடியாத மோதல் வந்தால் காலானது இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியைக் கிழிக்காமல் தனியே கழன்றுகொள்ளவேண்டும் என்று யந்திர சாஸ்திரிகள் வகுத்திருக்கிறார்கள். மாட்டுவண்டியின் கடையாணி போன்ற ஓர் ஆணி முதலில் முறிந்து மற்றதைக் காக்கவேண்டும். 2008 ஜனவரி 17 அன்று லண்டன் ஹீத்ரோவில், எரிபொருட் குழாயில் பனிக்கட்டி அடைத்து வலுவிழந்த 777 ஒன்று ஓடுபாதைக்கு முன்னே புல்தரையில் மோதியபோது கால்கள் பிய்ந்தும் பெருந்தீ மூளவில்லை. 152 பேரும் பிழைத்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானின் நரிதாவில் ஒரு சரக்கு விமானம் தரையில் துள்ளித் துள்ளி விழுந்தபோது, மோதல் நேர்செங்குத்தாக வந்ததால் அந்த ஆணி முறியவில்லை. காலின் பாரம் இறக்கையையே உடைத்தது. விமானிகள் இருவரும் எரிந்துபோனார்கள்.

இறங்கும்போது நேரும் பெருஞ்சாவுகளில் மிகப் பல, சக்கரம் சரியாக உருண்டுகொண்டிருக்கும் போதே நேர்கின்றன என்பது இவையனைத்தையும்விட முக்கியமான விஷயம். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737-க்குச் சக்கரம் பழுதில்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம் தூங்கி எழுந்த தலைமை விமானி, மிகை உயரத்தில் மிகை வேகத்தில் வந்துகொண்டிருந்தார். மீண்டும் மேலே போய்விடலாம் என்று துணை விமானி மும்முறை சொல்லியும் கேட்கவில்லை. ஏறக்குறைய 8,000 அடி நீளமுள்ள ஓடுபாதையில் 5,000 அடிக்கு மேல் தாண்டித் தரையைத் தொட்டது. மங்களூர் ஓடுபாதை மலையுச்சியைச் சமமாக்கிக் கட்டியது. அதன் முடிவில் பள்ளத்தாக்கு. 158 பேர் உயிரிழக்க, எண்மர் தப்பினர். பத்தாண்டுகளுக்குப் பின் 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில் கோழிக்கோட்டின் மலையுச்சி ஓடுபாதையில், பின்புறக் காற்றோடு இறங்கிய அதே கம்பெனியின் விமானம் வெகுதூரம் தாண்டித் தொட்டுக் கீழே உருண்டு பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

ஆகவே ஓடுபாதை முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, சக்கரத்தைப் பற்றிய கேள்வியைவிடப் பெரிது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஓடுபாதைக்கு அப்பால் 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. இடமில்லாத நகரங்களில், பாரம் ஏறினால் நொறுங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் இலேசான காங்கிரீட் படுகையை இடலாம். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் 1996-இல் இட்ட இத்தகைய படுகை, பின்னர் ஓடுபாதையைத் தாண்டிய விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து நிறுத்தியது. அந்தப் பரப்பில் நிறுவவேண்டிய கருவிகளும் மோதினால் எளிதில் முறிந்து விழத்தக்கவையாய் இருக்கவேண்டும் என்பதும் விதி. மங்களூரிலோ, திசைகாட்டும் ஆன்டெனா காங்கிரீட் மேடையின் மேல் நின்றது. ஓடிவந்த விமானத்தின் வலது இறக்கை முதலில் அதில் மோதி, பின்னரே விமானம் வேலியைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது.

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில், ஜேஜு ஏர் கம்பெனியின் 737-இன் எஞ்சின்களில் பைக்கால் வாத்துகள் சிக்கின. விமானம் அவசரமாகத் திரும்பி, ஒரு சக்கரமும் இறங்காமல், வயிற்றின் மீது ஓடுபாதையில் அமர்ந்தது. அது வந்து அமர்ந்த விதத்தைப் படத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள்: சாயவில்லை, புரளவில்லை, தீப்பிழம்பில்லை, வார்சாவில் கண்டதுபோலவே நேராகச் சறுக்கியது. ஓடுபாதையைக் கடந்து சுமார் 250 மீட்டர் சென்ற இடத்தில், மண்மேட்டினுள் காங்கிரீட் சுவர் பதித்து, அதன் மேல் ஆன்டெனாவை நிறுத்தியிருந்தார்கள். அதில் மோதியது. 181 பேரில் பின்புறம் இருந்த பணியாளர் இருவரே மிஞ்சினர். மறுமாதம் கொரிய அரசாங்கம் நாடு முழுவதும் ஆராய்ந்து, முவான் உட்பட ஏழு விமான நிலையங்களில் இத்தகைய உறுதியான கட்டுமானங்கள் இருப்பதைக் கண்டு, அவற்றை மாற்றியமைப்பதாக அறிவித்தது.